யார் நேரத்தில் எழுதுகிறோம்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'வேலை, குடும்பம், எழுத்து' என்பது. ஏற்பாடு செஞ்ச தோழர் போன்ல சொன்னார்: "நீங்க வங்கியில வேல பாக்குறீங்க. கொழந்த இருக்கு. கவிதையும் எழுதுறீங்க. எப்படி முடியுதுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க, உபயோகமா இருக்கும்." நானும் சரின்னுட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில் தப்பு என்று தெரிந்தது. முழுப் பொய் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்கு.

நான் குமாஸ்தா. எனக்குத் தெரிஞ்சது பற்று, வரவு. ஒரு கணக்கில் ஐந்நூறு ரூபாய் வரவு வைக்க வேண்டுமென்றால் இன்னொரு கணக்கில் ஐந்நூறு பற்று எழுதியாக வேண்டும். எங்கிருந்தும் வராத வரவு என்று ஒன்று கிடையாது. நேரமும் இப்படித்தான். எழுதுகிறவனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால் அது யாரோ ஒருவர் கணக்கில் குறைந்திருக்கிறது. யார் கணக்கில் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இலக்கியத்துக்கு ஓய்வு வேண்டும், தனிமை வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மேல்சாதி எழுத்தாளர்கள் பலருடைய முன்னுரைகளைப் படித்தால் ஒரு சாய்வு நாற்காலி இருக்கும், ஒரு விடியற்காலை இருக்கும், ஒரு டம்ளர் காபி இருக்கும். காபி போட்ட கை இருக்காது. வீட்டு மூட்டையில் இருக்கிற நெல்லை அறுத்த கை அதற்கும் முன்னாலேயே காணாமல் போயிருக்கும். ஓய்வு ஏதோ அவர்களோடு கூடப் பிறந்தது மாதிரி எழுதுவார்கள்.

எங்கப்பா பண்ணையாளா இருந்தவர். எங்கம்மா நடவு, களையெடுப்பு, அறுப்பு, ஊர்த்தெருவுல மாட்டுக்கொட்டாய் கூட்டறது எல்லாம் செஞ்சது. விடியறதுக்கு முன்ன போனா இருட்டினப்புறம்தான் வரும். எங்கம்மாவுக்குக் கதை தெரியாதா? நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அதுக்கு மணிக்கணக்காத் தெரியும். அதெல்லாம் ஓய்வில் வந்ததில்லை. குனிஞ்சு நின்ன சேத்துலயே வந்தது. எழுதி வைக்கத்தான் எழுத்தும் இல்லை, நேரமும் இல்லை. அப்படியென்றால் ஓய்வு என்பது பங்கு வைத்ததில் சிலர் எடுத்துக்கொண்டது. நிலத்தை எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படி.

நமக்குக் கிடைத்த கொஞ்ச நேரமும் சும்மா வரவில்லை. இங்கே இருக்கிற மாணவர்கள் இதை மனசில் வைக்க வேண்டும். பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவர் கொண்டுவந்த 1946ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த வேலை நேரத்தை 48 ஆக்கியது. வாரத்தில் ஆறு மணி நேரம். சாயங்காலம் ஒரு தொழிலாளி பேப்பர் படித்தது, சங்கத்துக்குப் போனது, ராத்திரிப் பள்ளியில் உட்கார்ந்தது எல்லாம் இப்படிப் பெற்ற நேரத்தில்தான். அந்த நேரத்தைத் திரும்பக் கேட்கவும் ஆள் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி நம்முடைய சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கிளம்பியதால் மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அன்றைக்கு யாராவது இலக்கியக் கூட்டத்தில் இதைப் பேசினோமா? எழுத நேரமில்லை என்று புலம்புகிற நாம் பேசியிருக்க வேண்டாமா?

வேலைக்கு நடுவில் எழுதுவது நமக்குப் புதுசுமில்லை. ரெட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். என்னுடைய தொழில்தான். சென்னைக்கு வந்து 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்து, 1914இல் இறக்கும்வரை நடத்தினார். வாரப் பத்திரிகை. நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே வாராவாரம் எழுதியிருக்கிறார். மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு இதழ்கூட வந்திருக்காது. பிற்பாடும் பாருங்கள்: 1992இல் 'கருக்கு' எழுதிய பாமா ஆசிரியை. 1989இல் 'பழையன கழிதலும்' எழுதிய சிவகாமி அப்போது அரசுப் பணியில் இருந்தவர். இடஒதுக்கீடு கொடுத்தது வேலையை மட்டுமில்லை. மாதச் சம்பளம் வந்ததால் தபால்தலை வாங்க முடிந்தது, சந்தா கட்ட முடிந்தது, ஒரு மேசை வாங்க முடிந்தது. 'கோட்டா'வைத் திட்டுகிறவர்களுக்கு இது தெரிகிறதோ இல்லையோ, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வேலைக்குள் போன பிறகு என்ன நடக்கிறது?

நான் 2013இல் வங்கியில் சேர்ந்தேன். கேஷ் கவுண்டர். சேர்ந்த புதிதில் ஒரு நாள் கணக்கு முடிக்கும்போது ஐந்நூறு ரூபாய் குறைந்தது. எல்லாருக்கும் குறைகிறதுதான், கையிலிருந்து கட்டிவிடுவார்கள். எனக்குக் குறைந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எப்படி உள்ள வந்தாங்கன்னு யோசிச்சா இதெல்லாம் ஆச்சரியமில்ல." சத்தமா இல்லை. எனக்குக் கேட்கிற அளவுக்கு. அதுக்கப்புறம் மூணு வருஷம் ஒவ்வொரு கட்டையும் இரண்டு தடவை எண்ணுவேன். மத்தவங்க அஞ்சரைக்குக் கிளம்பினால் நான் ஆறரைக்குக் கிளம்புவேன். அந்த ஒரு மணி நேரத்தை என்னிடம் வாங்கினது வங்கி இல்லை, சாதி. சாதி நம்மிடம் நேரமாகவும் வரி வாங்குகிறது. நம்மைத் தகுதியானவன் என்று ருசுப்படுத்திக்கொண்டே இருப்பதில் போகிற மணிகளை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணவில்லை. பத்திரிகையில் என் கவிதையைப் பார்த்தபோது அதே குரல், "இதுக்கெல்லாம் உங்களுக்கு எப்படி சார் டயம் கெடக்குது?" என்றது. கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 30 வரைக்கும் நான் ஒரு வரி எழுதவில்லை. கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூலிக்காரப் பெண்கள் கைக்குழந்தையோடு நாள் முழுக்க நின்றார்கள். வரிசையில் நிற்கிற நேரம் கூலி போன நேரம். இந்தப் பக்கம் நான். அந்த ஐம்பத்திச் சொச்சம் நாளில் பணம் எடுக்கிற சலானுக்குப் பின்பக்கம் ரெண்டு மூணு வார்த்தை குறித்துவைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். சட்டையோடு சேர்ந்து நிறையத் துவைபட்டுப் போச்சு. தப்பினதை வைத்துத்தான் பிறகு ஏழு கவிதை எழுதினேன். எழுதாத நாளெல்லாம் வீணான நாள் என்று நினைக்காதீர்கள். பார்க்கிற நாளும் உண்டு.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. வங்கியில் வேலை பார்க்கிறவன் சேரியில் இருந்தால் அவன் வீட்டுத் திண்ணை ஒரு கிளை அலுவலகம். தாட்கோ கடன் மனு, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், ஆதாரில் பேர் தப்பு. காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், ரொம்ப நாள் எனக்கு எரிச்சல். ஒரு ஞாயிறு கிடைக்கிறது, அதையும் விடமாட்டேன்கிறார்களே என்று.

ஒரு தடவை ஒரு பாட்டி வந்துச்சி. சுடுகாட்டுப் பாதையை ஊர்க்காரங்க வேலி போட்டு அடைச்சுட்டாங்க, கலெக்டருக்கு மனு எழுதணும். நான் வழக்கம்போல 'மேற்படி பாதையானது நெடுங்காலமாக' என்று எழுதி வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டுச் சொல்லிச்சி: "நான் சொன்னது இதுல எங்க கீது? எம்புருசன மொழங்கால் தண்ணியில தூக்கினு போனாங்கன்னு சொன்னனே, அத எழுதலியே நீ." கிழிச்சுப் போட்டுட்டு அது சொன்னபடியே எழுதினேன். அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நான் கவிதைகளிலும் 'மேற்படி' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்தவர்கள் என் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு மொழி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் மக்களின் முதல் உரைநடை மனுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் நஷ்டக் கணக்கில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

இதுவரைக்கும் சொன்னது எளிது. அரசைச் சொன்னேன், சாதியைச் சொன்னேன், மேல்சாதி எழுத்தாளனைச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினீர்கள். இனிமேல் சொல்வது என் வீட்டுக்குள் இருக்கிறது.

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கூட்டத்தில் இதே மாதிரிப் பேசினேன். "காலையில நாலு மணிக்கு எழுந்துடுவேன். ஆறரை வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. அது என் நேரம்" என்று பெருமையாகச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டது: "தோழர், நாலு மணிக்கு உங்களுக்கு டீ போட்டது யாரு? ஆறரைக்கு அப்புறம் கொழந்தைய கிளப்பினது யாரு?"

சபையே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் வேடிக்கை மாதிரி சொன்னேன். அவங்க சிரிக்கல. "நீங்க இன்னா பதில் சொன்னீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் பதில் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் நான் கணக்கு எழுதினேன். குமாஸ்தா புத்தி. நாலு பத்தி: நான், அவங்க, எங்கம்மா, குழந்தை. அவங்க தனியார் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எனக்கு முன்னால் கிளம்பி எனக்கு முன்னால் வருகிறவர். வீட்டு வேலை: ஒரு நாளைக்குச் சராசரி அவங்க ஐந்தே கால் மணி நேரம், எங்கம்மா மூணு மணி நேரம், நான் முப்பத்தஞ்சு நிமிஷம். அதிலும் கடைக்குப் போய் வழியில் டீ குடித்தது பத்து நிமிஷம். நாலு மணிக்கு எழுந்து நான் எழுதிய இரண்டரை மணி நேரத்தின் பற்று எங்கே எழுதியிருந்தது என்று தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். சாதியையும் ஆணாதிக்கத்தையும் எதிர்த்துக் கவிதை எழுதுகிற நான் வீட்டு வேலை செய்கிற இந்திய ஆண்களின் சராசரியை விடக் கீழே இருந்தேன்.

2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது எங்கள் கவுண்டரில் கூட்டம். ஒரு அம்மா கேட்டுச்சி, "இது எதுக்கு சார் குடுக்கறாங்க?" வீட்ல நீங்க செய்யற வேலைக்குன்னேன். "அதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு சிரிச்சிட்டுப் போச்சு. மாசம் ஆயிரம் ரூபாய். அந்த 299 நிமிடத்தில் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 6 ரூபாய் 70 காசு வருகிறது. அரசாவது ஆறே முக்கால் ரூபாய் போட்டது. நான் என்ன போட்டேன்?

இன்னொண்ணு இருக்கு. இதைச் சொல்ல அவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வந்தேன். கல்யாணமாகி வரும்போது அவங்க ஒரு நோட்டு கொண்டுவந்தாங்க. கல்லூரியில் எழுதின கவிதைகள். என்னுடையதைவிட நல்ல கவிதைகள் அதில் மூணோ நாலோ இருந்தன. குழந்தை பிறந்த பிறகு அந்த நோட்டில் பால் கணக்கு ஏறிச்சு. அந்த வாரம்தான் முதல் தடவையாகக் கேட்டேன், "இப்பல்லாம் எழுத வரலியா?" என்று. "வருது. மாவு அரைக்கறப்ப வருது. நோட்டு எடுக்கறதுக்குள்ள பாப்பா எழுந்துக்குது. அப்புறம் மறந்துபோவுது"ன்னாங்க. கோபமா சொல்லல. பஸ் போயிடுச்சுங்கற மாதிரி சொன்னாங்க.

பேபி காம்ப்ளேயை நீங்கள் படித்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்தில் பல்டண் என்கிற ஊரில் சின்ன மளிகைக் கடை நடத்தியவர். பொட்டலம் கட்ட வரும் பழைய தாளைப் படித்துப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டவர். தன் வாழ்க்கையை எழுதினார். எழுதியதைக் கணவர் கண்ணில் படாமல் ஏறத்தாழ இருபது வருஷம் ஒளித்து வைத்தார். 1986இல்தான் நூலாக வந்தது. சாதிக்காரனிடமிருந்து ஒளிக்கவில்லை, தோழர்களே. சொந்த வீட்டில் ஒளித்தார். என் வீட்டில் யாரும் அடிக்கவில்லை, தடுக்கவில்லை. நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பலன் என்னவோ ஒன்றுதான்.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். அவர் லண்டனில் படித்த காலத்தில் பம்பாயில் வறுமையோடு மல்லாடியவர் ராமாபாய். 1935இல் இறந்துபோனார். பாகிஸ்தான் குறித்த தன் புத்தகத்தை அவர் நினைவுக்குத்தான் பாபாசாகேப் காணிக்கையாக்கினார். கடைசி ஆண்டுகளில் அவருடைய கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்தவர் நானக் சந்த் ரத்து. டெல்லியில் அரசு ஊழியர். பகலில் அலுவலகம், சாயங்காலம் பாபாசாகேப் வீடு. 1956 டிசம்பர் 5 ராத்திரியும் அங்கேதான் இருந்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கான முன்னுரையைத் திருத்துவதற்காகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார் பாபாசாகேப். விடிந்தபோது அவர் இல்லை. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு குமாஸ்தாவின் மாலை நேரங்கள் அதற்குள் இருப்பது எனக்கு நினைவு வருகிறது. தனியாக உட்கார்ந்து யாரும் எதையும் எழுதிவிடவில்லை. கடனை ஒத்துக்கொள்கிறவன், ஒத்துக்கொள்ளாதவன் என்று இரண்டு வகைதான் உண்டு.

கடனை ஒத்துக்கொண்டால் போதுமா? காணிக்கைப் பக்கத்தில் மனைவி பேரைப் போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்ததா? வங்கியில் கடன் வாங்கியவர் வந்து "வாங்கினது வாஸ்தவம் சார்" என்று சொன்னால் நாங்கள் விட்டுவிடுகிறோமா?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி ராத்திரி மேசை அவங்களுக்கு. அன்றைக்குச் சமையல், பாத்திரம், குழந்தையின் வீட்டுப்பாடம் எல்லாம் என் பொறுப்பு. செவ்வாய், வியாழன் எனக்கு. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிக்கு மாசத்தில் ரெண்டு சனிக்கிழமை விடுமுறை. ரெண்டையும் நான்தான் வைத்திருந்தேன், ஒன்றைக் கொடுத்தேன். நாலு மணிக்கு எழுந்தால் டீ நானே போட்டுக்கொள்கிறேன். இட்லிக்கு மாவும் அப்போதே எடுத்து வைத்துவிடுகிறேன்.

சுமுகமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதலில் எங்கம்மாதான் எதிர்த்தது. நான் பாத்திரம் தேய்க்கிறதைப் பார்த்துட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துக்கிச்சு. "ஊர்த்தெருவுல நான் சாணி அள்ளனது, நீ குனியக்கூடாதுன்னுதான்"ன்னு சொல்லிச்சி. இதற்கு என்ன பதில் சொல்வது? ஆணாதிக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாமா? அவங்க குனிந்ததால் நான் நிமிர்ந்தேன். நான் நிமிர்ந்து நிற்க இப்போது இன்னொருத்தி குனிகிறாளே அம்மா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் தேய்த்து முடித்தேன். இப்போது சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டு சொல்லும். நான் ஈரக்கையோடு கேட்டுக்கொள்கிறேன்.

என் எழுத்து குறைந்துவிட்டது. முன்பு வருஷத்துக்குப் பதினைந்து கவிதை தேறும். போன வருஷம் ஆறு. இதை நான் மறைக்கப் போவதில்லை. 'பகிர்ந்துகொண்டால் இரண்டு பேருக்கும் பெருகும்' என்றெல்லாம் சிலர் பேசுகிறார்கள். பெருகாது. ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம்தான். கொடுத்தால் குறையும். குறைந்தாலும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நிலத்தைப் பகிரச் சொல்லி ஆண்டையிடம் பேசுகிறோமே, அவனுக்கும் குறையத்தானே செய்யும்?

அவங்க நோட்டில் இப்போது பாதி நிறைந்திருக்கிறது. எனக்கு இன்னும் படிக்கக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுத ஆசைப்படுகிற மாணவர்களுக்கு மூணு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, வேலையை விட்டுவிட்டு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டில் ஒருவர் சம்பளத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். சட்டைப்பையில் தாள் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எழுதுங்கள். இரண்டு, ஒரு சிற்றிதழுக்கு மாதத்தில் இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று வாக்குக் கொடுங்கள். பண்டிதரை வாராவாரம் எழுதவைத்தது இதழ்தான். நம்மை எழுதவைப்பதும் இயக்கத்தின் தேவையாகத்தான் இருக்க முடியும். மூன்று, இன்றைக்கு ராத்திரி விடுதிக்கோ வீட்டுக்கோ போனதும் ஒரு தாளில் கோடு போட்டு, நீங்கள் படித்த, எழுதிய, கூட்டத்துக்கு வந்த நேரத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதுங்கள்.

நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்துக்கும் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அவங்க முறைச் சனிக்கிழமை. என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டில் குழந்தையோடு இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைச் சனிக்கிழமையை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் அன்றைக்கு எந்தக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

ஜெய்பீம்.